நகையோடு ஒரே பெட்டியில்

மேல்தட்டில் தாலிக்கொடி, அட்டியல், காப்புகள். கீழ்த்தட்டில், பழைய துவாய் ஒன்றில் சுற்றியபடி, அத்தானின் பிஸ்டல். டுசல்டோர்ஃபில் அக்கா வீட்டு இரும்புப் பெட்டி அப்படித்தான் இருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. அத்தானோடு வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் அவரைத் துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் சண்டைக்குள் ஷெல்லுக்கும் துவக்குக்கும் பயந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த மனிதர், சனிக்கிழமைகளில் காசு கட்டிக் காகிதத்தைச் சுட்டார். ஒரு வருடம் போக, சொந்தமாக ஒன்று வேண்டும் என்றார். ஜெர்மன் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் உரிமத்துக்கான அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பத்தை, எழுதியது நான். பரீட்சைப் புத்தகத்தை வசனம் வசனமாகத் தமிழில் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். என்னில் எனக்கு வருகிற வெறுப்பு அங்கேயிருந்து தொடங்குகிறது.

புத்தகத்தில் இருந்தவை பெரிய சாத்திரங்கள் அல்ல. மகசினைக் கழற்றினால் மட்டும் துவக்கு வெறுமையாகிவிடாது, குழலின் அடியில் ஒரு ரவை, ஒரு தோட்டா, நிற்கலாம், மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். வெறுமை என்று தெரிந்தாலும் குழல்வாயை ஆள் பக்கம் திருப்பக்கூடாது, விரலை விசையில் வைக்கக்கூடாது. பெட்டியின் திறப்பு, அதன் சாவி, உரிமக்காரரிடம் மட்டும், மனைவிக்குக்கூட அது இருக்கும் இடம் தெரியக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அத்தான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். பரீட்சையிலும் சித்தியடைந்தார்.

ஆனால் எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் இரும்புப் பெட்டி ஒன்று வந்தால் அது யாருக்கு? நகைக்குத்தான். பெட்டி வந்த கிழமையே அக்கா தன் நகை முழுவதையும் அதற்குள் அடுக்கிவிட்டார்.

அடுத்த வருடம் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள், மருமகளுக்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். தாய்மாமன் நான்தான் தண்ணீர் வார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்னர், பிள்ளைக்கு எந்த அட்டியல் போடலாம் என்று பார்க்க அக்கா பெட்டியைத் திறந்தார். கீழே கிடந்த காப்புப் பெட்டியை எடுக்க இடைஞ்சலாக இருந்ததென்று, துவாய்ச் சுருளைத் தூக்கி, "இதைக் கொஞ்சம் பிடி" என்று என் கையில் தந்தார். பச்சைமிளகாய்ப் பை தருவதுபோல.

நான் துவாயை அவிழ்த்து, பிஸ்டலை வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். மகசின் இல்லை. மேல்பாகத்தை இழுத்தேன். மஞ்சளாக ஒரு ரவை துள்ளிக் கம்பளத்தில் விழுந்தது. மருமகள் என்னிடமிருந்து இரண்டடி தள்ளிக் கட்டிலில் இருந்து தோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டதற்கு அத்தான் வந்தார். பார்த்தார். சிரித்தார். போன கிழமை சிநேகிதர்களுக்குக் காட்டியபோது மிஞ்சியதாம். ரவையைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், கைதவறி விழுந்த பொத்தானைப் போல. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நகையை வேறிடம் வையுங்கோ, திறப்பை நீங்களே வைத்திருங்கோ, ஒரு கிழமை தவணை தாறன் என்றேன். வாக்குத் தந்தார்.

அடுத்த ஞாயிறு போனேன். நகை அங்கேயேதான் இருந்தது. திறப்பு, சாமித்தட்டில் அம்மன் படத்துக்குக் கீழே.

"சாமிக்குக் கீழ இருக்கிறதை ஆர் தொடப்போகினம்?" என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை, உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பெயரையும் சொன்னேன். அவர்கள் வந்தார்கள், பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், பிஸ்டலையும் உரிமத்தையும் கொண்டுபோனார்கள். சாமத்தியவீட்டில் என் இடத்தில் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் நின்று தண்ணீர் வார்த்தார். சொந்தத்துக்குள் எனக்குக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் நிலைத்தது. அத்தான் பாவம், அவருக்கு ஒரு ஆசை, அதைக்கூடப் பொறுக்கமாட்டாதவன் என்றார்கள். துவக்கைப் பிள்ளையின் தோட்டோடு வைத்தவர் பாவம். எவ்வளவு அருவருப்பான இரக்கம் அது.

பல வருடம் கழித்து ஹம்பேர்க்கில், பிரதான ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள தமிழ்க் கடையில் மருமகளைக் கண்டேன். அங்கே படிக்கிறாளாம். பேசாமல் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து என்னோடு நடந்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"மாமா, நீங்கள் இழுக்க அந்த ரவை விழுந்ததே, அதுக்கு ரெண்டு நாள் முதல் நான் அந்தத் துவக்கை எடுத்தனான். வீட்டில ஒருத்தரும் இல்லை. என்ர சிநேகிதிக்கு நேர நீட்டி, படத்தில வாற மாதிரி விளையாடினனான்."

"விரலை எங்க வைச்சிருந்தனீ?" என்று கேட்டேன்.

அவள் நடப்பதை நிறுத்திவிட்டு அழத் தொடங்கினாள்.