துருப்பிடிக்காத ஸ்கேட்ஸ்

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் காசிலிங்கம் எந்தக் கடைக்குப் போனாலும் சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டும் கூடவே போகும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. காந்தம் ஒட்டினால் இரும்பு. இரும்பென்றால் அவருக்கு வேண்டாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உப்புக்காற்று அவர் வீட்டுச் சைக்கிள் செயினைத் தின்றது, கதவுக் கீலைத் தின்றது, போன வருஷம் வாங்கிய ஃபேனையும் விட்டுவைக்கவில்லை.

அன்று பாண்டிச்சேரியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், மகள் வைஜெயந்திக்கு இன்லைன் ஸ்கேட்ஸ், அதாவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ, வாங்க நின்றிருந்தார். பன்னிரண்டு வயதுப் பெண். இதுவரை தோழியின் ஸ்கேட்ஸை இரவல் வாங்கித்தான் பழகினாள். வருகிற ஞாயிறு ஸ்கேட்டிங் போட்டி. தோழியும் ஓடுகிறாள், இனி இரவல் ஏது? இன்று வாங்காவிட்டால் வைஜெயந்தி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த ஜோடி அவள் காலில் கச்சிதமாக உட்கார்ந்தது. காசிலிங்கம் காந்தத்தை எடுத்தார். சக்கரத்தின் நடுவில் டக்கென்று ஒட்டியது. அடுத்த ஜோடியிலும் ஒட்டியது. உள்ளே இருக்கும் பேரிங் ஸ்டீல்தான், அது இல்லாமல் ஓடாது என்று கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். மனுஷன் கேட்டால்தானே! கடைசியில் ஒட்டாத ஒன்றைக் கண்டுபிடித்தே விட்டார். முழுக்க பிளாஸ்டிக், சின்னப் பிள்ளைகள் விளையாடுவது. அதிலும் இரண்டு சைஸ் பெரிதாகக் கேட்டார். நாலு வருஷமாவது உழைக்க வேண்டாமா?

வைஜெயந்தி பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுழற்றினாள். இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. முதல் ஜோடியைச் சுழற்றினாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை.

"அப்பா, இது துருப்பிடிக்கிறதுக்குள்ள என் காலு வளந்துடும்பா," என்றாள்.

காசிலிங்கம் குனிந்து பார்த்தார். பொங்கலுக்குப் பெரிதாகப் பார்த்து வாங்கிய செருப்பு. இப்போதே அவள் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரும்பையே பார்த்துக்கொண்டிருந்து பிள்ளையைப் பார்க்காமல் விட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மொதல்ல போட்டதையே குடுங்க," என்றார் கடைக்காரரிடம்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கோட்டக்குப்பம் தாண்டியதும் கடல்காற்று அடித்தது. கொளுத்தும் வெயில். காசிலிங்கம் ஜன்னல் கண்ணாடியை இறக்கிச் சாத்தினார். பின்சீட்டுக்காரர்கள் முணுமுணுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது ஸ்கேட்ஸ்மேல் உப்புக்காற்று படக் கூடாது.