பதினான்காவது ஸ்டேஷன்

இருபத்திரண்டு வருடம் ஆராய்ச்சிக் கப்பலில் மாணவர்களுக்குக் கடலாய்வு சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சொல்ல நல்ல கதைகளும் உண்டு. எழுத உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது.

1. கப்பலில்

நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே ஐந்து நாள் பயிற்சிப் பயணம். பத்து மாணவர்கள். கடலில் முன்கூட்டியே குறித்துவைத்த இடங்களை ஸ்டேஷன் என்போம். ஒவ்வொன்றிலும் கப்பலை நிறுத்தி ஆழம் பார்த்து, தண்ணீர் எடுத்து, கடைசியாக கிராபை இறக்குவோம். கிராப் என்பது இரண்டு இரும்புத் தாடைகள். தரையைத் தொட்டதும் மூடிக்கொண்டு ஒரு வாய் மண்ணை அள்ளி வரும். அந்த மண்ணைச் சல்லடையில் கழுவினால் புழு, சிப்பி, நண்டுக் குஞ்சு என்று அடியில் என்னென்ன வாழ்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் வாந்தி. அவர்களில் ஒருத்தியான அமுதாவுக்கும்தான். ஆனால் அவள் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நடப்பதைப் பதியும் லாக் ஷீட்டை விடாமல் எழுதினாள்.

"முடியலன்னா போய்ப் படும்மா" என்றேன்.

"படுத்தா இன்னும் சுத்துது சார். எழுதுறப்ப பரவால்ல."

நீடாமங்கலம் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நானும் மயிலாடுதுறைப் பக்கம் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன்தான். அதை அவளிடம் சொன்னதில்லை. ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

நான்காம் நாள் காலையில் பதினான்காவது ஸ்டேஷனுக்கு வந்தபோது அலை எழும்பிக் கடல் கெட்டுவிட்டது. மூன்று முறை கிராபை இறக்கினோம். மூன்று முறையும் வெறுமையாக வந்தது. கடைசி முறை தாடைகளுக்கு நடுவே ஒரு சிப்பி ஓடு சிக்கியிருந்தது. அள்ளிய மண் அந்த இடுக்கு வழியாக வழியிலேயே கரைந்து போயிருக்கிறது.

கேப்டன் மேலிருந்து கையைக் காட்டினார். கிளம்ப வேண்டும். தலைமை விஞ்ஞானி என்னிடம் வந்தார்.

"பதிமூணுல எடுத்த மண்ணு தொட்டியில மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அதுல பாதிய பதினாலுன்னு லேபிள் போட்டுடுங்க. ரெண்டு மைல்ல என்ன மாறிடப் போவுது?"

நான் அமுதாவிடம் போனேன். அவள் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள்: மூன்று முறை இறக்கியும் மண் வரவில்லை. வேறு ஷீட் எழுதச் சொன்னேன்.

"சார், வரலையே சார்."

"தெரியும். சொல்றத எழுது."

"கிராப் பல்லுல பாருங்க சார், கருப்பா சேறு ஒட்டியிருக்கு. பதிமூணுல வந்தது வெறும் வெள்ள மணலு. இது வேற தரை சார்."

பார்த்தேன். உண்மைதான். நகக்கண் அளவுக்குக் கருஞ்சேறு. நான் ஹோஸ் பைப்பைத் திறந்து அதைக் கழுவிவிட்டேன்.

அவள் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். வேறொரு மாணவனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். அவன் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மேலதிகாரியின் முகம் கடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

2. மதிப்பீடு

பயணம் முடிந்ததும் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் நான் அறிக்கை தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆய்வுத் திட்டத்தில் ஒருவரைச் சேர்ப்பார்கள். இருந்த இடம் ஒன்று.

அந்தப் பத்துப் பேரில் அமுதாதான் முதல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் கப்பலுக்குத் திரும்பி வந்தால், அந்த மண்ணைப் பற்றி யாரிடமாவது சொல்வாள். 'திறமை உண்டு. சொல்வதைக் கேட்டு நடப்பதில்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டவனுக்கு இடம் கிடைத்தது.

3. கல்யாண மண்டபத்தில்

மறு வருடம் கடற்கரை ஊர் ஒன்றின் கல்யாண மண்டபத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். ஒரு தொழிற்சாலைக் கழிவுநீரைக் குழாய் வழியாகக் கடலுக்குள் கொண்டுபோய் விடும் திட்டம். குழாயின் வாய் பதினான்காவது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வருகிறது. எங்கள் பயணத்தின் மண் அறிக்கையை வைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெறும் மணல், உயிர்கள் மிகக் குறைவு, பாதிப்பு இருக்காது.

மீனவர்கள் மண்டபம் கொள்ளாமல் வந்திருந்தார்கள். வயதான ஒருவர் மைக்கை வாங்கினார்.

"அது மணலு இல்லீங்க. சேறு. இறாலு அங்கதான் வந்து ஒதுங்கும். எங்க வலைய வந்து பாருங்க, கருஞ்சேறு அப்பிக்கிட்டு வரும்."

மேடையில் இருந்தவர் அறிக்கையைப் புரட்டினார். மணல் என்றே இருப்பதாகச் சொன்னார்.

"எழுதுனவங்க இங்க இருக்காங்களா? நீங்க அந்த எடத்துல மண்ணு எடுத்துப் பாத்தீங்களாய்யா?"

தலைமை விஞ்ஞானி வரவில்லை. என்னைத்தான் அனுப்பியிருந்தார். எழுந்து நின்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"எடுத்தோம்" என்றேன்.

அவர் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

4. நீடாமங்கலத்தில்

ஓய்வு பெற்ற பிறகு, நடந்ததையெல்லாம் எழுதிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான் எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் போனேன்.

அமுதா ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பட்டா, சிட்டா, அடங்கலுக்கு விண்ணப்பம் பதிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அதுதான் என்னைக் கூசவைத்தது.

"உக்காருங்க சார்."

கடிதத்தைக் கொடுத்தேன். மதிப்பீட்டில் என்ன எழுதினேன் என்பதும் அதில் இருந்தது. நிதானமாக முழுவதும் படித்தாள்.

"நான் சரியா செய்யலன்னுதான் சார் இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

"மன்னிச்சிடும்மா. இப்ப எங்கயாவது விண்ணப்பிச்சா நான் எழுதித் தரேன்."

"வயசு தாண்டிடுச்சு சார்."

வரிசையில் நின்ற ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். வாங்கி, எண்ணைப் பதிந்து, திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த எடத்துல திரும்பப் போயி மண்ணு எடுத்தாங்களா சார்?"

"இல்லம்மா."

"குழாய் ஓட ஆரம்பிச்சிடுச்சா?"

"ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப இனிமே எடுத்தாலும் அது வேற மண்ணு சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கப்பலில் ஆழத்தைப் படித்துச் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். கிராப் வெறுமையாக வந்தால், வெறுமை என்று எழுதுங்கள். வெறுமை என்று எழுதியிருந்தால், யாராவது ஒருவர் இன்னொரு நாள் போய் எடுத்திருப்பார். நான் ஷீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். குழாய் வருவதற்கு முன் அந்தத் தரையில் என்ன இருந்தது என்பதை இனி எந்தக் கப்பல் போனாலும் கண்டுபிடிக்க முடியாது.