சிவந்தால் சரி

எடிட்டரில் நிறம் வைத்துக் கொடுப்பது என் வேலை என்று சொன்னால், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என்னைப் பெயிண்டர் என்றே நினைத்துக்கொண்டார்கள். மரக்காணத்தில், ஈ.சி.ஆர். ரோட்டோரத்து மாடி ஒன்றில், விடுதிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. எழுதுகிற கோடில் கட்டளைக்கு ஒரு நிறம், சாதாரண எழுத்துக்கு ஒரு நிறம், தப்புக்குச் சிவப்பு என்று திரையில் தானாகத் தெரியும்படி அமைத்து வைப்பவன் நான். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? நிறம் ஒழுங்காக இருக்கும்வரை நம்மை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கறுப்புத் திரை

மல்லிகா அக்கா சேர்ந்தபோது, எல்லோருக்கும் போலக் கறுப்புத் திரைதான் வைத்துக் கொடுத்தேன். அக்கா விடியலில் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு, பத்து மணிக்கு ஆபீசுக்கு வருவார். தபால் வழியில் கம்ப்யூட்டர் படித்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் புண்ணாகிப் போயிருந்தது. இந்த வேலை நிரந்தரமானால் அளத்தை விட்டுவிடலாம், இல்லாவிட்டால் பழையபடி முழு நாளும் அங்கேதான் என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்.

ஆனால் தினமும் முதல் அரைமணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வேலை தெரியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அளத்துலேர்ந்து நேரா வர்றேன் தம்பி. கண்ணுல இன்னும் அந்த வெள்ளையே நிக்குது. இந்த இருட்டுல நான் எதைப் பார்க்கிறது?"

காணாமல் போன மஞ்சள்

குயிலாப்பாளையத்தில் விடுதி வைத்திருக்கும் ஒருவர், தன் வெப்சைட் எப்படி வளர்கிறது என்று பார்க்க வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே வெகுநேரம் ரசித்தார். முடித்துக் கொடுத்த மறுநாள் போன் செய்தார். குரலில் அவ்வளவு வருத்தம்.

"அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர்ல பார்த்த மஞ்சள், ஊதா எதையும் காணோமேங்க. நீங்களே வச்சுக்கிட்டீங்களா?"

அக்காவின் சிவப்பு

திரையை வெளுப்பாக மாற்றிய பிறகு அக்கா மளமளவென்று வேலை செய்தார். கொஞ்ச நாளில் இன்னொன்று கேட்டார். கோடில் திறந்த கட்டளையை ஒழுங்காக மூடினால் அந்த வரி சிவப்பாக மாற வேண்டும், மூடாதது மங்கலாக நிற்க வேண்டும். சிவப்பு தப்புக்கு உரியது, உலகம் பூராவும் அப்படித்தான் என்று எடுத்துச் சொன்னேன். அக்கா சிரித்தார். அளத்து வீடுகளிலிருந்து வந்த மற்ற இரண்டு பெண்களும் தங்களுக்கும் அதுவே வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். கேட்டதைக் கொடுப்பதுதானே சேவை, வைத்துக் கொடுத்தேன். காரணத்தை அக்காதான் சொன்னார்.

"பாத்தியில தண்ணி செவந்தா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம் தம்பி. செவப்பைப் பார்த்தாதான் எங்களுக்கு மனசு நெறையும்."

வெள்ளைப் பக்கம்

எங்கள் ஊர் உப்புக்காற்று கம்ப்யூட்டரையும் விட்டுவைக்காது. ஒரு சனிக்கிழமை அக்காவின் மெஷின் துருப்பிடித்து நின்றுவிட, என் மெஷினில் உட்கார வைத்துவிட்டு நான் சாப்பிடப் போனேன். அவசரமாகத் திருத்திக் கொடுக்க வேண்டியது அந்தக் குயிலாப்பாளையத்து விடுதியின் பக்கம். எங்கேயோ ஒரு கட்டளை மூடாமல் விட்டுப்போக, என் எடிட்டர் கடமை தவறாமல் கீழே இருந்ததையெல்லாம் சிவப்பாக்கிக் காட்டியிருக்கிறது. அக்கா மனசு நிறைந்து, அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்.

விடுதியின் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. சனிக்கிழமைதான் ரூம் கேட்டு ஆள் வரும் நாள். விடுதிக்காரர் எனக்குப் போன் செய்யவில்லை, நேராகப் பாண்டிச்சேரியில் இருக்கும் எங்கள் ஓனர் மேடத்துக்கே செய்துவிட்டார். அக்காவை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று மேடம் முடிவு செய்ய வேண்டிய மாதம் அது. அக்கா தன் டிபன் டப்பாவைப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வெளிச்சத்தோட போனா நாளைக்கு எந்தப் பாத்தின்னு மேஸ்திரியைக் கேட்டுக்கலாம் தம்பி."

இரண்டு திரை

மேடம் வருவதற்குள் விட்டுப்போனதை மூடி, பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். இருந்தாலும் சிவப்பு தெரிந்தும் ஏன் ஏற்றினீர்கள் என்று மேடம் கேட்டார். அக்கா பாத்தித் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். மேடம் எழுந்து போய்ப் பக்கத்துப் பெண்ணின் திரையைப் பார்த்தார், பிறகு என் திரையைப் பார்த்தார். கடைசியில் என்னையே பார்த்தார்.

"தப்பு அவங்களோடது இல்ல. ஒரே ஆபீஸ்ல ரெண்டு சிவப்பு வச்சது நீ."

இனி ஒரே சிவப்புதான், அதிகம் பேர் பார்க்கும் அக்காவின் சிவப்பாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அக்காவின் நியமனத்துக்கும் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் ஒரு காலை, அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து, கண்ணைக் கசக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"இப்ப அளத்துக்குப் போறதில்ல தம்பி. அந்தக் கறுப்புத் திரையே வச்சுக் குடு, நல்லா தெரியுது."

ஆகவே இன்று எங்கள் ஆபீசில் எல்லாத் திரையும் கறுப்பு, எல்லாச் சரியும் சிவப்பு, இதற்கு இன்னும் பழகாமல் தடுமாறுகிற ஒரே ஆள் நிறம் வைத்துக் கொடுத்த நான்தான்.