சீனாவில வாட்ஸ்அப் வராது, அண்ணை!

போன் கடையில போன் விக்கிறது லேசு, அது எங்க வேலை செய்யாது எண்டு வாங்கின ஆளை நம்பவைக்கிறதுதான் சீவன் போற வேலை. கவுண்டருக்குப் பின்னால நிண்டு தொண்டை வத்தின சகோதரங்களே, உங்களுக்கு இது விளங்கும்! ஹம்பேர்க் ஸ்டேசனுக்குப் பக்கத்தில எங்கட கடை. இப்பவும் ஒராளின்ர போனுக்கு அப்டேட் ஓடுது, அதுக்கிடையில எழுதுறன்.

தமிழில கதைச்சால்?

யோகன் அண்ணைக்கு மெஷின் பூட்டுற வேலை. கொம்பனி அவரைச் சீனாவுக்கு அனுப்புது. அதே கிழமைதான் இஞ்ச ஜெர்மனியில, கெல்சென்கிர்ச்சனில அவற்ர ஒரே தங்கச்சிக்குக் கலியாணம். லீவு கிடைக்கேல்ல. "தாலி கட்டுறதை வீடியோவில எண்டாலும் பாக்கவேணும், பிள்ளை" எண்டு வந்து நிண்டார். "அங்க வாட்ஸ்அப்பை மறிச்சு வச்சிருக்கு அண்ணை. இஞ்சயே ஒரு ஈசிம், போனுக்குள்ளயே ஏத்துற சிம், போட்டுக்கொண்டு போங்கோ, அது வெளிநாட்டு லைனால சுத்தி வரும்" எண்டன். மனுசன் கண்ணைச் சுருக்கினார்.

"நாங்கள் தமிழிலதானே பிள்ளை கதைக்கப்போறம், அவங்களுக்கு என்ன விளங்கப்போகுது?"

போற ஊர்

ஒருமாதிரிச் சம்மதிச்சார். ஈசிம் வாங்குற ஆப்பைத் திறந்து குடுத்து, "போற ஊரை அமத்துங்கோ" எண்டிட்டு, மற்ற ஆளின்ர போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போனன். திரும்பி வந்தால் திரையில சிங்கக்கொடி! நல்ல காலம், கடைசிப் பட்டனை அமத்த முதல் பறிச்சுச் சீனாவுக்கு மாத்திட்டன். சீனாவில போய் இலங்கை ஈசிமோட இறங்கியிருந்தால்? ஏன் அண்ணை இப்பிடி எண்டு கேட்டன்.

"நீதானே ஊர் எண்டனீ? ஊர் எண்டால் எங்களுக்கு ஒண்டுதானே!"

முகூர்த்த நேரம்

சனிக்கிழமை காலமை ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கும், கடைப் போன் அடிக்குது. யோகன் அண்ணை! கூட வேலை செய்யிற ஜெர்மன்காரன்ர போனில சீனாவில இருந்து கத்துறார். "படம் வருதில்லை, சும்மா சுத்துது! தாலியைத் தட்டில வச்சுச் சபைக்குக் காட்டீனமாம், மனிசி எஸ்எம்எஸ் போட்டிருக்கிறா!"

நான் அசரேல்ல. எங்கட ஈசிம் பிழைக்காது. "மேல வைஃபை அடையாளம் நிக்குதோ, அண்ணை?" "ஓம், ஹோட்டல் வைஃபை. ஃப்ரீ!" பிடிச்சிட்டன்! ஹோட்டல் வைஃபை அந்த நாட்டு லைன், அதில வாட்ஸ்அப் எங்க வரும்? "ஃப்ரீயை விடுங்கோ அண்ணை! வைஃபையை நிப்பாட்டிப்போட்டு எடுங்கோ!" மனுசன் நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப எடுத்தார். பிறகு கெட்டிமேளம் கெல்சென்கிர்ச்சனில இருந்து சீனாவுக்குப் போய், அங்கயிருந்து என்ர காதுக்குள்ள வந்து விழுந்துது! "தெரியுதோ அண்ணை? கிளியரோ?" எண்டு நானும் துள்ளினன்.

"தாலி ஏறுது, நீ முதல் போனை வை பிள்ளை!"

சீனா கட்டின மதிலைத் தாண்டுறது சுகம் சகோதரங்களே, ஃப்ரீ வைஃபையைக் கண்ட எங்கட ஆக்களைத் தாண்டத்தான் ஏலாது.