அண்ணையின் பிடரியில் இரும்பு

மூளைப் படம் எடுக்கும் ஆய்வுக்கு முதியவர்கள் தேவை என்று மானிப்பாயில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உலகில் இதுவரை எடுத்த மூளைப் படங்களில் பெரும்பாலானவை பணக்கார நாட்டவருடையவை; அவற்றை வைத்தே எல்லோருடைய மறதியையும் விளக்குகிறார்கள்; எங்களைப் போன்றவர்களும் சேரவேண்டும் என்று அதில் இருந்தது. நான் அண்ணையைக் கூட்டிப்போனேன்.

அண்ணை கொடிகாமம் சந்தையில் தேங்காய் விற்றவர். இப்போது பஸ்ஸில் ஏறிய பிறகு எங்கே போகிறோம் என்று கேட்கிறார். "என்னத்தாலை மறக்குது எண்டு தெரிஞ்சால் காணும், தங்கச்சி" என்பார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆய்வு நிலையத்தில் ஓர் இளம் பெண் வைத்தியர் எங்களை இருத்தினார். படம் எடுக்கும் இயந்திரம் ஒரு பெரிய காந்தம் என்று விளக்கிவிட்டுக் கேட்டார்:

"உடம்பிலை எங்கையும் இரும்பு இருக்கோ, ஐயா? செல் துண்டு, சன்னம்?"

"ஒண்டும் இல்லை, பிள்ளை."

"அப்ப பிடரியிலை உந்தத் தழும்பு?"

"தென்னையாலை விழுந்தனான்."

அந்தப் பதிலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். போர்க்காலத்தில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் தழும்பு உள்ளவர்களைப் போராளிகளோ என்று தனியே நிறுத்துவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு கதை இருந்தது. அடுப்பு, கிணற்றுக்கட்டு, முட்கம்பி. அண்ணையுடையது தென்னை. படம் எடுக்கும் ஆசையில் பழைய கதையைச் சொல்கிறார் என்று நினைத்து, உள்ளே இருப்பது போரில் வெடித்த செல்லின் துண்டு, எடுக்க முடியாமல் விட்டது என்று வைத்தியரிடம் சொன்னேன். அண்ணை என்னை முறைத்தார்.

"அப்ப ஏலாது, ஐயா. காந்தம் அதை அசைச்சுப்போடும்."

இப்படித் திரும்பிப் போகிறவர்கள் பலரா என்று கேட்டேன். கனபேர் என்றார். அதைக் கணக்கில் திருத்துவார்களாம். "ஐயாவைப் போல வயசு, படிப்பு, தொழில் உள்ள ஆக்கள் குறைவா வந்தால், வந்தவையின்ரை படத்துக்குக் கூட நிறை குடுப்பம்."

அண்ணை சிரித்தார். "சந்தையிலை நாங்களும் உந்த வேலையைத்தானே செய்தனாங்கள். தட்டு சரிஞ்சால் மற்றப் பக்கம் ஒரு கல்லு. எனக்குப் பதிலா வைக்கிற கல்லு ஆர், பிள்ளை? போர் முடியுமட்டும் கொழும்பிலை இருந்த ஆரும் தேங்காய்க்காரனோ?"

வைத்தியரும் சிரித்தார்.

"உள்ளுக்கு இரும்பு உள்ள ஆக்கள் ஒருதரும் இல்லாட்டி?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஒருதரும் இல்லாட்டி, நிறை குடுக்க ஆள் இல்லை."

நேர்மையான பதில். நான் வேலை செய்த பத்திரிகையில் நாங்கள் பேசச் சம்மதித்தவர்களிடம் மட்டும் பேசிவிட்டு, மக்கள் கருத்து என்று தலைப்புப் போட்டோம். அதில் திருத்தம் என்று ஒன்று இருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அண்ணை கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு ஏன் பொய் சொன்னனீ?"

"என்ன பொய்?"

"செல் எண்டு."

"செல் தானே, அண்ணை."

"உனக்கென்ன விசரே? வடக்கு வளவுத் தென்னை. நீதானே ஓடிவந்து தூக்கினனீ."

நான் ஓடிப்போய்த் தூக்கியது உண்மை. அன்று அந்த வளவில் தென்னைகள் எல்லாம் செல்லடியில் வட்டு முறிந்து, தலையில்லாமல் நின்றன. ஏறி விழ ஒன்றும் இருக்கவில்லை. நான் நினைத்ததுபோல அவர் பொய் சொல்லவில்லை. செல் மறந்துபோய், சாவடிக்குச் சொன்ன கதை மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது.

"ஓம், அண்ணை. தென்னைதான்" என்றேன்.

கோப்பாய் தாண்டியதும், எடுத்த படம் எப்ப வரும் என்று கேட்டார்.