ஒட்டகச்சிவிங்கி இழுத்த சவுரி

ஷார்ஜாவில் இருக்கும் மகன், ஆப்பிரிக்கக் காடு மாதிரியே அமைத்த ஒரு தனியார் விலங்குக் காப்பகத்துக்கு என்னை அழைத்துப் போனான்.

"இலையை நீட்டும்மா, ஒண்ணும் பண்ணாது" என்றான். ஒட்டகச்சிவிங்கி முகத்துக்கு நேரே குனியவும் கூச்சத்தில் திரும்பிக்கொண்டேன். அது என் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கவ்வி இழுத்தது. கூடவே சவுரியும் போய்விட்டது.

"அய்யோ அத்தே, அது உங்க முடி இல்லையா?" என்றாள் மருமகள். அவளுக்கே தெரியாமல் காத்த ரகசியம் அது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

அங்கே வேலை பார்க்கும் கென்யாப் பெண் சவுரியைப் பிடுங்கி, எச்சிலைத் துடைத்துக் கொடுத்தாள். "மம்மி, மாஃபி முஷ்கில்" என்று, பரவாயில்லை என அரபியில் என்னைத் தேற்றிவிட்டு, தொப்பியோடு தன் நீளச் சடைகளையும் கழற்றிக் காட்டினாள். உள்ளே ஒட்ட வெட்டிய தலை!

போட்டோ என்றாலே தலைகுனிகிற நான், அன்று அவளோடு நிமிர்ந்து நின்றேன், ஆளுக்கொரு முடியைக் கையில் பிடித்தபடி.