முன்படியில் நின்றவள்

எங்கள் பஸ் டிப்போவின் பொன்விழா மலருக்கு, இங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னார்கள். டிப்போவில் டைம்கீப்பராக இருக்கும் என் தலையில் படியக்கா விழுந்தாள். மலர் விழாவுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். எங்கள் பஸ்களோடு பழகிப் பழகி அதற்கும் தாமதம் தொற்றிக்கொண்டது. இப்போது விழாவே முடிந்துவிட்டது. நான் எழுதுவதை மேனேஜர் போடமாட்டார். போடாவிட்டால் போகட்டும், எனக்கொன்றும் குடி முழுகிவிடாது.

எங்கள் வட்டாரத்தில் பஸ் ஓட ஆரம்பித்தது ஒரே ஒரு வண்டியோடுதான். அதற்கு முன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட நடந்துதான் வரவேண்டும். அந்த முதல் பஸ் இன்னமும் ஷெட்டின் கோடியில் நிற்கிறது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். எவ்வளவு செய்தாலும் திருப்திப்படாது, முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், கோபம் வந்தால் நடுத்தெருவில் நம் மானத்தை வாங்கும். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அதற்குப் புதுச் சாயம் அடித்து ஊரைச் சுற்றி ஓட்டுவது என்று முடிவானது.

படியக்கா இங்கே கண்டக்டர். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காக்கிச் சட்டை போட்ட பெண்ணைப் பார்க்கவே ஆட்கள் பஸ் ஏறினார்கள். சில்லறை இல்லை என்று வம்பு பண்ணினவர்களை ஒரே பார்வையில் உட்காரவைத்தாள். அவளுடைய அப்பா இதே டிப்போவில் பஸ் கழுவியவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். தம்பியை இடுப்பில் தூக்கி, சோறு ஊட்டி, அடித்து, படிக்கவைத்து, கடைசியில் ஸ்டியரிங் பிடிக்கவும் அனுப்பியது இவள்தான். அவன் டிரைவரானதும் அக்காவும் தம்பியும் ஒரே வண்டிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவன் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

கண்டக்டர் என்றால் பின்படிதான் இடம். இவள் மட்டும் சில வருடங்களாக முன்படிக்கு மாறிவிட்டாள். பின்னால் போய் டிக்கெட் கொடுப்பாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடிவந்துவிடுவாள். வெளியே தலையை நீட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, "வா, வா... இப்பப் போ" என்பாள். அவள் வாய் திறக்கும்வரை வண்டி நகராது. படியக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

"தம்பிமேல காத்து பட்டா கரைஞ்சிடுவானா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

"கரைஞ்சா நீயா வந்து ஓட்டப்போற? போய் உன் கடியாரத்தப் பாரு" என்பாள்.

அவள் ஏன் படியில் நின்றாள் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவளே பிறகு என்னிடம் சொன்னாள். ஒருநாள் தம்பி அவள் வீட்டுக்கு வந்திருக்கிறான். மேஜையில் அவனுக்கு இடப்பக்கமாக டீ வைத்திருக்கிறாள். பேசிக்கொண்டே கையை வீசியவன் டம்ளரைத் தட்டிவிட்டான். துடைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மறுபடியும் தட்டிவிட்டான். 

பிடித்து உலுக்கிக் கேட்டபிறகுதான் சொன்னானாம். "நேரா பாத்தா எறும்பு போறதுகூட தெரியுதுக்கா. ஓரம்தான் இல்ல. வலப்பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இடப்பக்கம் சுத்தமாப் போச்சு. நரம்பாம். போனது திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"வருஷா வருஷம் கண்ணுக்கு டெஸ்ட் வெக்கிறாங்களேடா!"

"எதிர்ல மாட்டின எழுத்தப் படிக்கச் சொல்றாங்க. படிச்சிடறேன். அக்கா, யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. வண்டிய விட்டு எறக்கிட்டா நான் மனுஷனே இல்ல."

அவள் மூச்சு விடவில்லை. அது தப்பு என்று இங்கே உட்கார்ந்து எழுத எனக்குச் சுலபம். தூக்கி வளர்த்த கைக்கு அது அவ்வளவு சுலபமில்லை. கொஞ்ச நாள் சமாளிப்போம், பிறகு ஏதாவது வழி பார்ப்போம் என்று அவள் படிக்கு மாறினாள். கொஞ்ச நாள் என்பது வருடங்களாக நீண்டது. அதில் இன்னொரு கேடும் நடந்தது. முன்பாவது அவன் கழுத்தைத் திருப்பி இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பான். அக்காவின் குரல் இருக்கிறதே என்று அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டான்.

விழாவுக்கு மாமியாரை யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது மேனேஜர் யோசிக்கவே இல்லை. "கீறல் படாத கை ஒண்ணு இருக்கே!" என்று தம்பியின் தோளில் தட்டினார்.

"அப்ப நானும் கூட வரேன் சார்" என்றாள் படியக்கா.

"நீங்க எதுக்கும்மா? டிக்கெட்டா கிழிக்கப்போறோம்? உங்களுக்கு மேடையில நாற்காலி போட்டிருக்கு. ஷீல்டு வாங்கணும்."

முந்தின நாள் ஒத்திகை. ஷெட்டிலிருந்து கிளம்பி, முற்றத்தைத் தாண்டி, வாசலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திருப்பத்தில் அழகுக்காகப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மாமியார் இருமிக்கொண்டு கிளம்பியது. திரும்பியது. தொட்டிகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. தம்பி சிரித்த முகமாக எங்களுக்குக் கையாட்டிக்கொண்டே போனான்.

"மாமியார் வேலையக் காட்டிட்டாடா!" என்று ஒரு மெக்கானிக் கத்த, டிப்போவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பழைய வண்டி, ஸ்டியரிங் கனம், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டோம். படியக்கா மட்டும் உடைந்த ஓடுகளைப் பார்த்தபடி நின்றாள்.

மேனேஜர் கையைத் தட்டினார். "நாளைக்கு அங்க தொட்டி வேணாம். ஸ்கூல் பசங்கள நிறுத்துங்க, கையில கொடியோட. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

அன்று சாயங்காலம் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்னு சொல்லிடுடா. நாளைக்கு வேணாம்."

"தொட்டிதானக்கா."

"ஒடைஞ்சது உனக்குத் தெரிஞ்சுதா?"

"எறங்கினப்புறம்தான் தெரிஞ்சுது" என்றான். பிறகு, "நாளைக்குத் திரும்பிப் பாத்துக்கறேன். எத்தன வருஷமா ஓட்டறேன், ஒரே ஒரு நாள் ஊரே என்னப் பாக்கப்போகுது. அதையும் கெடுக்காதக்கா" என்றான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. படியக்கா எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மேனேஜர் அறை வாசலில் அவளைப் பார்த்தேன். உள்ளே போனாள். "சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. அதற்குள் தம்பி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றான். மேனேஜர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவள் வெளியே வந்துவிட்டாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"அந்தப் பசங்கள மட்டும் தள்ளி நிக்கச் சொல்லேன்."

போய்ச் சொன்னேன். டீச்சர் குழந்தைகளைச் சுவர் ஓரமாக நகர்த்தினார். நான் திரும்பி வருவதற்குள் போட்டோக்காரர் அவர்களைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார். குட்டிக் குட்டிப் பிள்ளைகள். கொடியை ஆட்டுவதா, பக்கத்துப் பிள்ளையைக் குத்துவதா என்று தெரியாத வயது.

பேச்சுகள் முடிந்தன. விருந்தாளிகள் மாமியாரில் ஏறி உட்கார்ந்தார்கள். தம்பியின் சட்டையில் ஒரு மைக்கைக் குத்தி, அவன் குரல் முற்றம் முழுக்கக் கேட்கும்படி செய்திருந்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம். போலாமா?" என்றான். கூட்டம் "போலாம்!" என்று கூச்சலிட்டது.

எஞ்சின் உறுமியதும் மேடையில் ஒரு நாற்காலி காலியானது. படியக்கா இறங்கி நடந்தாள், ஓடவில்லை. திருப்பத்துக்குப் போய், பிள்ளைகளுக்கு முன்னால், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நின்றாள். கையைத் தூக்கவில்லை. ஒரு சத்தமும் போடவில்லை. "பாத்துட்டான்னா நான் நினைச்சதுதான் தப்பு, அவன் ஓட்டட்டும்னு இருந்துச்சு. பாக்கலன்னா மொதல்ல என்மேல ஏறட்டும்" என்று பிறகு சொன்னாள்.

பஸ் முற்றத்தைத் தாண்டியது. பட்டப்பகல். நடுவில் மறைப்பு ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தாள், மேனேஜருக்குத் தெரிந்தாள், கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தாள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ விளையாட்டு என்று சிலர் கைகூடத் தட்டினார்கள். பஸ் இடப்பக்கம் திரும்பியது. வேகம் குறையவில்லை. கைதட்டல் நின்றது.

"நிறுத்துடா!"

அவள் குரல் கேட்ட நொடியில் அவன் கால் பிரேக்கை மிதித்தது. உள்ளே விருந்தாளிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மாமியாரின் முன்தகட்டின் இடது மூலை படியக்காவின் தோளில் இடித்து நின்றது. அவள் அதன்மேலேயே கையை ஊன்றிக்கொண்டாள்.

தம்பி வலப்பக்கமாகத் திரும்பி மேடையைத் தேடிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு இரைத்தது. அதன் பின்னாலேயே அவன் குரலும் வந்தது.

"அக்கா? எங்கக்கா இருக்க?"

"இதோ, இங்கதான நிக்கிறாங்க!" என்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

தம்பி எஞ்சினை அணைத்தான்.